ஜெசிந்தா அக்காவின் கடைசி அத்தியாயம்

ஜெசிந்தா அக்கா இறந்துபோன செய்தி எனக்கு ஒரு தாளில் வந்தது. மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனுக்குப் போகும் சந்தில் நான் ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். காலையில் கடையைத் திறந்து சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டிக்கொண்டிருந்தபோது அக்காவின் தம்பி அமல்ராஜ் சார் வந்து, மடித்த தாள் ஒன்றை நீட்டினார். "கொஞ்சம் அவசரம்மா. போஸ்டர் ஒண்ணு, சர்ச்சுல வாசிக்க வாழ்க்கைக் குறிப்பு ஒண்ணு. பதினோரு மணிக்குள்ள வேணும்" என்றார். யார் சார் போயிட்டாங்க என்று கேட்டபடியே பிரித்தேன். முதல் வரியில் அக்காவின் பெயர் இருந்தது.

அவர் நின்றுகொண்டே இருந்ததால் உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தேன். பிறப்பு, படிப்பு, தொலைபேசி இலாகாவில் ஆபரேட்டர் வேலை, பங்குக் கோயிலில் செய்த சேவை எல்லாம் ஒழுங்காக வந்தது. பிறகு இந்த வரி: 'இவருடைய மூத்த சகோதரி பிலோமினா இளம் வயதிலேயே இறைவனடி சேர்ந்தார்.'

பிலோமினா அம்மா சாகவில்லை. கூடுவாஞ்சேரியைத் தாண்டி, கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஓர் இல்லத்தில் இருக்கிறார். அது அமல்ராஜ் சாருக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். அதனால்தான் என் முகத்தைப் பார்க்காமல் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அந்த வரியை ஓர் எழுத்துப் பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தேன். மறுநாள் அடக்கப் பூசையில் அதை மைக்கில் வாசித்தார்கள். கோயில் நிறையக் கூட்டம். கடைசி பெஞ்சில் நானும் உட்கார்ந்திருந்தேன், மூச்சு விடவில்லை.

அஞ்சலிக் கட்டுரை அமைதியாக இருக்க வேண்டும் என்பார்கள். என்னால் முடியவில்லை. எனக்கு அமல்ராஜ் சார் மேல் கோபம், என் மேல் அதைவிடக் கோபம். இறந்துபோன ஜெசிந்தா அக்கா மேலும் கோபம் இருக்கிறது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன். அவர் இருந்திருந்தால் "எழுது, ஆனா மூணு நிமிஷத்துல முடி" என்றுதான் சொல்லியிருப்பார்.

அந்த மூன்று நிமிஷக் கதையைச் சொல்ல வேண்டும். அக்கா டிரங்க் கால் காலத்து ஆபரேட்டர், மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை லைனில் குறுக்கிட்டு நேரத்தைச் சொல்வது அவர் வேலை. யாரோடு பேசினாலும் மூன்று நிமிஷம் ஆனதும் அவரை அறியாமலே "நேரமாச்சு" என்று வாயில் வந்துவிடும். முதல் தடவை கடைக்கு வந்தபோது என்னிடமும் அப்படித்தான் சொன்னார். நான் போகச் சொல்கிறாரோ என்று திகைத்தேன், என் கடையிலிருந்து என்னையே. அவர் சிரித்துவிட்டு, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, துணிப்பையிலிருந்து ஒரு கட்டு நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார். "நாவல். டைப் பண்ணித் தருவியா, மாலதி?"

வாடகை ஒப்பந்தமும் பள்ளிக்கூட புராஜெக்டும் அடிக்கிற கடை என்னுடையது. நாவல் அடித்ததில்லை. சரி என்றேன். அக்கா சொந்த வீட்டில் தனியாக இருந்தார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரிட்டயர் ஆன பிறகு வாரம் ஒரு அத்தியாயம் எழுதி, செவ்வாய்க்கிழமை தோறும் கொண்டுவந்து கொடுப்பார். ஒரு வாரம் நீல மசியில் இருக்கும். அது ஐம்பது வருஷத்துக்கு முந்திய தாம்பரத்துக் கதை, எட்டு வயதுச் சிறுமி சொல்வது. அடுத்த வாரம் கறுப்பு மசியில் இருக்கும். அது இந்தக் காலத்துக் கதை. அந்தச் சிறுமியே வயதானவளாகி, செத்துப்போன அம்மாவின் பீரோவைக் காலி செய்துகொண்டிருப்பாள். நான் குழம்பிப்போய் நீலத்துக்கு ஒரு ஃபைல், கறுப்புக்கு ஒரு ஃபைல் என்று போட்டுவிட்டேன். அக்கா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"எது அக்கா முதல்ல நடக்குது?" என்று கேட்டேன்.

"ரெண்டும் ஒரே சமயத்துலதான் நடக்குது, மாலதி. அதுதான் என் தொல்லையே" என்றார்.

நாவலின் பெயர் 'பெயரில்லாத பொட்டலம்'. அதில் வரும் வீடு ஒரு ரயில்வே குவார்ட்டர்ஸ். ரோசலின் என்ற மூத்த பெண் பதினேழு வயதில் தெற்கே சித்தி வீட்டுக்கு அனுப்பப்பட்டு, அங்கே டைஃபாய்டில் செத்துப்போகிறாள். அப்படித்தான் எட்டு வயதுத் தங்கையிடம் சொல்கிறார்கள். யாரும் துக்கத்தை வெளியே காட்டவில்லை. அவள் பேச்சை எடுத்தால் அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். தங்கைதான் அழுவதற்கு இடம் தேடி பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுகிறாள். இந்த அத்தியாயத்தை அடிக்கும்போது எனக்கே பொங்கிவிட்டது. பக்கத்து டீக்கடை அண்ணன் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, கரண்ட் பில்லா?" என்றார்.

கிறிஸ்துமஸுக்கு அந்த வீட்டு அம்மா கல்கல், அச்சு முறுக்கு என்று பலகாரமெல்லாம் செய்து, பொட்டலம் கட்டி, ஒவ்வொன்றிலும் எந்த வீட்டுக்கு என்று பெயர் எழுதி வைப்பாள். ஒரு பொட்டலத்தில் மட்டும் பெயர் இருக்காது. அதை எடுத்துக்கொண்டு, கூடுவாஞ்சேரியில் தையல்காரி ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கு என்று சொல்லிவிட்டு ரயில் ஏறுவாள். இது ஒரு தடயம்.

இன்னொரு தடயம்தான் பெரியது. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். கத்தோலிக்கர்கள் அன்று கல்லறைத் தோட்டத்துக்குப் போய், தங்கள் வீட்டு இறந்தவர்களுக்குப் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். வேறு ஊரில் புதைக்கப்பட்டவர்களுக்கு, தோட்டத்தின் நடுவில் இருக்கும் பெரிய சிலுவையடியில் ஏற்றுவார்கள். அந்த அம்மா தாத்தாவுக்கு ஏற்றுகிறாள், பாட்டிக்கு ஏற்றுகிறாள், தூரத்து ஊரில் செத்த மாமனுக்குக்கூட ஏற்றுகிறாள். "அக்காவுக்கு, அம்மா?" என்று சிறுமி கேட்டதும் பளாரென்று ஓர் அறை. அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் சிறுமி கவனித்துக்கொண்டே இருக்கிறாள். எல்லாருக்கும் உண்டு, அக்காவுக்கு மட்டும் கிடையாது. ஊருக்கு முன்னால் மகள் செத்துவிட்டாள் என்று சொல்ல முடிந்தவளால், உயிரோடு இருக்கிற மகளுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற முடியவில்லை. அந்தப் பெண்ணுக்கு மனநிலை சரியில்லாமல் போயிருந்தது. இன்னும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் வாழ்க்கை கெட்டுப்போகும் என்று இல்லத்தில் விட்டுவிட்டு, செத்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். அறை வாங்கிய தங்கைக்கு இது ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரிகிறது. அம்மா இறந்த வருஷம் டிசம்பரில் வீட்டு ஃபோன் அடிக்கிறது. இல்லத்து சிஸ்டர் பேசுகிறார்: "இந்த வருஷம் பொட்டலம் வரலையே, ரோசலின் கேட்டுக்கிட்டே இருக்காங்க." கடைசி அத்தியாயத்தில் தங்கை பொட்டலத்தோடு போய் அக்காவைப் பார்க்கிறாள், கையோடு வீட்டுக்குக் கூட்டிவருகிறாள்.

அப்போது எனக்கு இது வெறும் கதை. அசத்திட்டீங்க அக்கா என்றேன். சந்தோஷமாக டீ வாங்கிக் கொடுத்தார்.

இரண்டு வாரம் கழித்து வேறொரு கடைசி அத்தியாயத்தோடு வந்தார். அதில் ரோசலின் உண்மையிலேயே டைஃபாய்டில் செத்திருந்தாள். பொட்டலம் உண்மையிலேயே தையல்காரிக்குத்தான் போயிருந்தது. படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. "என்னக்கா இது? இத்தனை மாசமா நான் கண்ணைக் கெடுத்துக்கிட்டு அடிச்சது ஒரு தையல்காரிக்கா?" என்றேன். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகுதான் சொன்னார். ரோசலின் இல்லை, பிலோமினா. குவார்ட்டர்ஸ் வீடு அவர்கள் வீடு. அறை வாங்கிய சிறுமி அவர்தான். ஃபோன் வந்ததும் பொட்டலத்தோடு ஓடியதும் நிஜம். வீட்டுக்குக் கூட்டிவந்தது மட்டும் கற்பனை. "அவ வீட்டுக்கு வந்தா நான் இந்தப் படி ஏறமாட்டேன்னு அமல் சொல்லிட்டான். இப்ப அவன் பொண்ணுக்கு நல்ல இடம் வந்திருக்கு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க புத்தகத்தைப் படிச்சா புரிஞ்சிடுமாம். எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான், மாலதி."

உங்களுக்கென்று இன்னொருத்தர் கூடுவாஞ்சேரியில் இருக்கிறாரே என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. காரணம் என் கடைச் சட்டம்.

கொண்டுவந்து கொடுக்கும் கையெழுத்துக் காப்பியில் என்ன இருக்கிறதோ அதுதான் டைப் ஆகும், நம் புத்தியைக் காட்டக் கூடாது என்பது அந்தச் சட்டம். கடை போட்ட புதிதில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. அதில் இறந்துபோன பாட்டியின் பெயருக்கு முன்னால் 'தெய்வத்திருமதி' இருந்தது, தாத்தாவுக்கு முன்னால் ஒன்றும் இல்லை. எழுதியவர் விட்டுவிட்டார் போலிருக்கிறது என்று நானே 'தெய்வத்திரு' சேர்த்துவிட்டேன். பத்திரிகை ஊரெல்லாம் போன பிறகு தாத்தா கைத்தடியை ஊன்றிக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றார். "ஏம்மா, என்னை எப்ப எரிச்சே?" என்று கேட்டார். அன்றிலிருந்து கொடுத்த காப்பியை அப்படியே அடிப்பது என்று முடிவு செய்தேன். உயிரோடு இருக்கும் ஒருவரைச் செத்தவராக்கிய வெட்கத்தில் பிறந்த சட்டம் அது. அதே சட்டத்தைச் சாக்காக வைத்துத்தான் பிலோமினா அம்மாவை இரண்டு தடவை சாகடித்தேன், அக்காவின் நாவலில் ஒரு தடவை, அக்காவின் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு தடவை.

புத்தகம் வந்தது. அக்கா தன் செலவிலேயே போட்டார். விற்காத கட்டுகள் என் கடைப் பரணில்தான் இருக்கின்றன. படித்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: நல்லாத்தான் இருந்தது, முடிவு மட்டும் சப்பென்று போயிடுச்சு. அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். அமல்ராஜ் சாரின் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது. வரவேற்பில் அக்கா பட்டுப்புடவையில் முன் வரிசையில் உட்கார்ந்து, வந்தவர்களைச் சிரித்துச் சிரித்து உபசரித்தார். அடுத்த நாள் காலை மிச்சமிருந்த லட்டுகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டு கூடுவாஞ்சேரிக்கு ரயில் ஏறினார். ஸ்டேஷனில் பார்த்தேன். அவருடைய அம்மா செய்ததையேதான் அவரும் செய்துகொண்டிருந்தார். அன்று அவர் மேல் எனக்கு வந்த கோபம் இன்றும் போகவில்லை. உண்மையை எழுதும் தைரியம் இருந்தவருக்கு அதை வீட்டுக்கு அழைத்துவரும் தைரியம் ஏன் இல்லை? பிலோமினா அம்மா ஒன்றும் யாரையும் கடித்துக் குதறுகிறவர் இல்லை. எனக்குத் தினமும் சுகர் மாத்திரை, அவருக்குத் தினமும் வேறொரு மாத்திரை, அவ்வளவுதான்.

போன மாதம், ஆயுத பூஜை நெருக்கத்தில், அக்கா கடைக்கு வந்தார். படியேறியதும் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். உட்காராமலே கேட்டார். "பழைய கடைசி அத்தியாயம் இருக்கா?"

"அழிக்கச் சொன்னீங்களே."

"நீ அழிச்சிருக்க மாட்டே."

அழிக்கவில்லைதான். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் பென்சிலை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். வேறு எதையும் தொடவில்லை. 'ரோசலின்' என்று வந்த ஒவ்வொரு இடத்திலும் அடித்துவிட்டு மேலே 'பிலோமினா' என்று எழுதினார். ஓரிடம் விடவில்லை. சார் கோபப்படப் போறாரு என்றேன். "படட்டும். அவன் கோபத்துக்குப் பயந்தே எனக்கு அறுபத்தாறு வயசாயிடுச்சு" என்றார். பிறகு, "முடிவை மாத்தின அன்னைக்கு நீ சண்டை போடுவேன்னு நினைச்சேன், மாலதி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாத்தாமலே எழுந்து போயிருப்பேன்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. பஸ் தாமதமானதைச் சொல்வது போலச் சொன்னார். எனக்குத்தான் நெஞ்சில் தைத்தது. தாள்களை என் கையில் கொடுத்துவிட்டு, "திருத்தம் போட்டு வை. செவ்வாய்க்கிழமை வந்து பார்க்கறேன். நேரமாச்சு" என்று இறங்கிப் போனார்.

ஆயுத பூஜை நோட்டீஸ் வேலை தலைக்கு மேல் கிடந்தது. தாள்களை டிராயரில் போட்டு வைத்தேன். திங்கட்கிழமை விடிவதற்குள் தூக்கத்திலேயே அவர் இதயம் நின்றுவிட்டது. காலையில் அமல்ராஜ் சார் தாளோடு வந்தார். அவருக்காக நான் போஸ்டர் அடித்துக்கொண்டிருந்த மேஜையின் டிராயரில்தான் அந்தப் பென்சில் திருத்தம் இருந்தது.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். யாராவது போய் பிலோமினா அம்மாவிடம் சொல்லியிருப்பார்களா என்று இல்லத்துக்கு ஃபோன் செய்தேன். சிஸ்டருக்கே தெரியவில்லை. "ஜெசிந்தா இந்த மாசம் வரலையேன்னு பார்த்துட்டே இருக்காங்க" என்றார். கடையைச் சாத்திவிட்டு, கல்கல்லும் அச்சு முறுக்கும் வாங்கிப் பொட்டலம் கட்டினேன். அதன் மேல் பெரிய எழுத்தில் 'பிலோமினா' என்று எழுதினேன். கூடுவாஞ்சேரியில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். ஆட்டோக்காரர், "அந்த ஹோமுக்கா? அங்க யாருக்கா கீறாங்க உனுக்கு?" என்று கேட்டார். எங்க அக்காவோட அக்கா என்றேன்.

தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நரைத்த தலையை இறுக்கிப் பின்னி, நெற்றியில் கண்ணாடியை ஏற்றியிருந்தார். அக்காவே உட்கார்ந்திருப்பது போல இருந்தது. சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொள்ள, எப்படியோ சொல்லி முடித்தேன். கொஞ்ச நேரம் பொட்டலத்தின் மேல் இருந்த தன் பெயரைத் தடவிக்கொண்டிருந்தார். "ஜெசி சின்னப் பொண்ணாச்சே" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அமலுக்குச் சொல்லிட்டீங்களா? பக்குவமா சொல்லுங்க. அவன் தாங்கமாட்டான்."

திரும்பி வரும் ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, அழுகையும் ஆத்திரமுமாக வந்தேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை போட அமல்ராஜ் சார் கோவிலம்பாக்கத்திலிருந்து காரில் வந்தார். அதே தாள், அதே வரி. "இதை அடிக்கமாட்டேன் சார்" என்றேன். காப்பியில இருக்கறதை அடிக்கறதுதானேம்மா உன் வேலை என்றார். "ஆமாம் சார். அக்கா கடைசியா கொடுத்த காப்பி இங்க இருக்கு" என்று டிராயரைத் திறந்து பென்சில் திருத்தத்தை அவர் முன்னால் வைத்தேன். அக்காவின் கையெழுத்தை அவருக்குத் தெரியாதா? முதல் பக்கத்தை மட்டும் பார்த்தார். "என் பொண்ணு வாழ்க்கை..." என்று ஆரம்பித்தார். பிலோமினா அம்மா உங்களைத்தான் கேட்டாங்க சார், நீங்க தாங்கமாட்டீங்களாம் என்றேன். தான் கொண்டுவந்த தாளை எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார். தாம்பரத்தில் கடைக்கா பஞ்சம்.

அன்றைக்கே உட்கார்ந்து திருத்தம் முழுவதும் போட்டேன். பரணில் இருந்த கட்டுகளை இறக்கி, சப்பென்ற முடிவைப் பிரித்து எடுத்துவிட்டு, பழைய கடைசி அத்தியாயத்தை வைத்துக் கட்டியிருக்கிறேன். அதற்கு முன்னால் இருக்கும் இந்தப் பக்கங்களைத்தான் நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இந்தக் கல்லறைத் திருநாளுக்கு ஒரு பாக்கெட் மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு நானும் போனேன். ஈர மண் இன்னும் இறுகவில்லை. ஒன்றை ஏற்றி, அக்காவின் தலைமாட்டில் நட்டேன். இரண்டடி தள்ளி அமல்ராஜ் சார் தன் அப்பா அம்மாவின் கல்லறையில் பூ வைத்துக்கொண்டிருந்தார். அக்காவின் தெருவில் குடியிருக்கும் ஓர் அம்மா என் கையிலிருந்த பாக்கெட்டைப் பார்த்துவிட்டு அன்பாகச் சொன்னார். "மீதி இருக்குதே. பெரிய சிலுவைகிட்ட ஒண்ணு ஏத்திடுங்க, அவங்க அக்காவுக்கு. பாவம், சின்ன வயசுலயே போயிட்டாங்களாமே."

"அவங்களுக்கு வேணாங்க" என்றேன். அமல்ராஜ் சாருக்குக் கேட்கும்படியாகவே சொன்னேன். "அவங்க உயிரோட இருக்காங்க. கூடுவாஞ்சேரிகிட்ட. போய்ப் பார்த்துட்டுதான் வந்தேன்."

அந்த அம்மா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அமல்ராஜ் சார் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. மீதி மெழுகுவர்த்திகளைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

திருத்தம் போட்டாயிற்று, அக்கா. செவ்வாய்க்கிழமை வர வேண்டாம். உங்கள் அக்காவை நான் போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.